பழைய பெயிண்டிங்கின் பின்பலகையை எடுத்துவிடலாமா? அவசரம், கடைக்காரர் காத்திருக்கிறார்

வண்டிச்சோலை:
வணக்கம். குன்னூரில் ஐப்பசி மழை எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். பத்து நாளாக வெயிலே இல்லை. நேற்று சுவரைத் துடைக்கலாம் என்று கூடத்தில் மாட்டியிருந்த பெயிண்டிங்கை இறக்கினேன். பின்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம்.

விவரம் சொல்லிவிடுகிறேன். கேன்வாஸில் ஆயில். இரண்டடிக்கு ஒன்றரை அடி இருக்கும். ஒரு பள்ளத்தாக்கு, பனி, தூரத்தில் வெள்ளைக் கோடாக ஓர் அருவி. கையெழுத்து கிடையாது. எங்கள் தாத்தா ஓர் எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். 1960-களில் துரை குடும்பம் சீமைக்குக் கிளம்பியபோது, துரைசானி தன் கையால் தாத்தாவிடம் கொடுத்த படம் என்பார்கள். அந்தம்மாவே வரைந்ததாம். பங்களா ஹாலில் கணப்புக்கு மேலே தொங்கியதாம். அம்மா இதைச் சொல்லாமல் எந்த விருந்தாளியையும் வெளியே விட்டதில்லை.

பஜாரில் பிரேம் கடைக்கு எடுத்துப் போனேன். "பின்னாடி பலகை போச்சுக்கா. அதைப் பேத்து எறிஞ்சுட்டு ஹார்டுபோர்டு போட்டுத் தர்றேன், பிரேமும் மாத்திடலாம், 1,800 ரூபாய்" என்றார். சரி என்று வாயெடுத்தபோது பலகையில் பூஞ்சணத்துக்கு அடியில் எழுத்து மாதிரி ஏதோ தெரிந்தது. மேல் ஓரத்தில் ஒட்டிய சீட்டு ஒன்றும் இருக்கிறது, பாதியை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று திரும்ப எடுத்து வந்துவிட்டேன். எடுத்து எறிந்துவிடலாமா? இல்லை, அதில் ஏதாவது விஷயம் இருக்குமா?

சட்டக்கடை_மகன்:
அக்கா, தயவுசெய்து எறிய வேண்டாம். நான் கோத்தகிரி. அப்பா முப்பது வருஷம் பிரேம் கடை வைத்திருந்தார், இப்போது நான் பார்க்கிறேன். அந்தக் கடைக்காரர் சொன்னதைத்தான் நாங்களும் முப்பது வருஷமாக எல்லோரிடமும் சொன்னோம். பழைய படம் வந்தால் முதல் வேலை பின்பக்கத்தைப் பேர்ப்பது. பழுப்புத்தாள், சீட்டு, அட்டை, எல்லாம் கடைக்குப் பின்னால் வெந்நீர் அடுப்புக்குப் போகும். மழைக்காலத்தில் காய்ந்த விறகு கிடைக்காத ஊரில் பழைய பிரேம் பலகை எவ்வளவு நன்றாக எரியும் தெரியுமா. எத்தனை பங்களாப் படங்களின் முதுகை எரித்திருப்போம் என்று இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

பூஞ்சணம் படத்தில் வரவில்லை, பசையில் வருகிறது. நாங்கள் பின்தாள் ஒட்டுவது மைதாப் பசையில். பூஞ்சணத்துக்கும் பூச்சிக்கும் அது கல்யாணச் சாப்பாடு. ஈரத்துணி போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அப்படியே நிழலில், காற்று வரும் இடத்தில், சுவரில் படாமல் சாய்த்து வையுங்கள். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வேண்டாம், பெயிண்ட் வெடிக்கும்.

சும்மா_சொல்றேன்:
கையெழுத்தே இல்லாத படம். வரைந்தது ஒரு துரைசானி. பொழுதுபோகாமல் வரைந்திருப்பார். இதற்கு ஒரு ஆராய்ச்சியா? படம் என்றால் முன்பக்கம். பின்பக்கம் பல்லிக்கு. 1,800 கொஞ்சம் ஜாஸ்தி, 1,200-க்குப் பேசுங்கள். வேலை முடிந்தது.

எழும்பூர்_ஓய்வு:
சும்மா_சொல்றேன் அவர்களுக்கு: பேரம் பேசச் சொன்னது சரி. மற்றது சரியில்லை.

நான் அருங்காட்சியகத்தில் பாதுகாப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஊட்டியில் குளிருக்குப் பயந்து வாழ்கிறவன். எங்கள் வேலையில் ஒரு படம் மேசைக்கு வந்தால் முதலில் திருப்பித்தான் போடுவோம். ஓவியர் முன்பக்கத்தில் எழுதுவார். மற்ற எல்லோரும் பின்பக்கத்தில்தான் எழுதுவார்கள். கேன்வாஸ் விற்றவர் முத்திரை குத்துவார், பிரேம் போட்டவர் சீட்டு ஒட்டுவார், ஏலக்காரர் எண் போடுவார், கப்பலில் ஏற்றியவர் சாக்கட்டியில் கிறுக்குவார். சில சமயம் திருடியவனும் எழுதுவான்.

கடைசியாகச் சொன்னது விளையாட்டில்லை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் டச்சு ஓவியர் வெர்மீரின் 'வானியலாளர்' இருக்கிறது, 1668-ல் தீட்டியது. அதன் முதுகில் கறுப்பு மையில் சின்னதாக ஒரு ஸ்வஸ்திகா முத்திரை. 1940-ல் ரோத்ஸ்சைல்டு குடும்பத்திடமிருந்து நாஜிகள் அதைப் பறித்துப் போனார்கள். கொள்ளையடித்த கலைப்பொருள்களுக்குக் கணக்கு வைக்க ஒரு தனி அமைப்பே வைத்திருந்தார்கள். குடும்பத்துக்கு ஓர் எழுத்து, படத்துக்கு ஓர் எண். ரோத்ஸ்சைல்டு என்றால் 'ஆர்'. போருக்குப் பிறகு எந்தப் படம் யாருடையது என்று பிரிக்க, திருடர்கள் ஒழுங்காக எழுதி வைத்த அந்தக் குறிகளே உதவின. வருகிறவர்கள் முன்பக்கத்தில் ஒரு மனிதர் உருண்டையைத் தொட்டுப் பார்ப்பதை ரசித்துவிட்டுப் போகிறார்கள். அதே படம் ஒரு வீட்டிலிருந்து பிடுங்கப்பட்ட கதை சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

லண்டனில் 1766-ல் தொடங்கிய கிறிஸ்டீஸ் ஏலக்கடைக்கும் இப்படி ஒரு பழக்கம். தன்னிடம் வந்த படத்தின் பின்னால் கறுப்பு மையில் ஸ்டென்சில் எண் பதித்து வந்தது. அந்த எண்ணை அவர்களுடைய பழைய பதிவேட்டில் தேடினால், யார் கொண்டுவந்து கொடுத்தார், எப்போது விற்றது என்று பிடிக்கலாம். பலகையைப் பேர்த்துப் போட்டால் அந்த நூல் அறுந்துவிடும்.

உங்கள் படத்தில் இவ்வளவு இருக்கும் என்று சொல்லவில்லை அம்மா. பார்க்காமல் எறியாதீர்கள் என்கிறேன். பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடித்து இன்னொன்று எடுங்கள். மங்கிப்போன பென்சில் கோடும் அழுத்தமும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுந்து வரும்.

அரவேணு_வாத்தியார்:
முன்பக்கப் போட்டோவும் போடுங்களேன். அருவி என்கிறீர்கள், எனக்கு ஒரு சந்தேகம்.

எழும்பூர் சார் சொன்னதற்கு ஒரு பின்பாட்டு. எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) பழைய குடும்பப் போட்டோக்களைச் சேகரித்து வருகிறேன். 19-ஆம் நூற்றாண்டில் ஊட்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த பென் போன்றவர்கள் எடுத்த சின்ன அட்டைப் படங்களின் முதுகைப் பார்த்தால், ஸ்டூடியோ பெயரை அலங்காரமாக அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே யாராவது பிற்காலத்தில் பேனாவால் "பாட்டியின் அக்கா" என்று எழுதியிருப்பார்கள். எந்தப் பாட்டி? யாருடைய பாட்டி? எழுதியவருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே எல்லோரும் இன்றைக்கே வீட்டுப் போட்டோக்களின் பின்னால் முழுப்பெயர் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், பென்சில், மெதுவாக.

வண்டிச்சோலை:
எடுத்தேன். படங்கள் இணைப்பில். டார்ச் வித்தை நன்றாக வேலை செய்கிறது!

பலகையில் கறுப்பு மையில் பெரிய ஆங்கில எழுத்துகள். கையால் எழுதியதில்லை, தகரம் வெட்டி வைத்து மை தேய்த்த மாதிரி. மேல் வரி பாதியில் அறுபட்டிருக்கிறது, கடைசி மூன்று எழுத்துதான் தெரிகிறது. இரண்டாவது வரி 'பி ஓ பி'. மூன்றாவது 'நெட்', அப்புறம் ஓர் எண், 'கேஜி'. ஓரத்தில் வரிசையாக ஆணித் துளைகள், துருக்கறை. பி.ஓ.பி. என்றால் ஓவியர் பெயரின் சுருக்கமா? கிறிஸ்டீஸ் மாதிரி ஏதாவதா?

சீட்டில் கடைப்பெயர் போய்விட்டது. "படங்களுக்குக் கண்ணாடி, சட்டம்", "குன்னூர்", அப்புறம் போன் நம்பர். மூன்றே இலக்கம்.

டீமேக்கர்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை, மன்னிக்கவும் தாயே. பி.ஓ.பி. ஓவியர் இல்லை. புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ என்ற டீத்தூள் ரகம். உங்கள் படத்தின் முதுகில் இருப்பது டீப்பெட்டி!

நான் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவன். இப்போது தூள் சாக்கில் போகிறது. அந்தக் காலத்தில் பிளைவுட் பெட்டி. உள்ளே அலுமினியத் தாள், வெளியே மூலைகளில் தகரப் பட்டை வைத்து ஆணி அடிப்போம். நீங்கள் பார்த்த துளையும் துருவும் அந்தப் பட்டையுடையவை. பெட்டியின் பக்கத்தில் ஸ்டென்சில் வைத்து மை தேய்ப்போம்: மேலே தோட்டத்தின் பெயர், கீழே ரகம், பெட்டி எண், மொத்த எடை, நிகர எடை. உங்களுடையதில் அறுபட்டிருப்பது தோட்டப் பெயர். பெட்டியின் ஒரு பக்கம் ஏறக்குறைய இரண்டடிக்கு ஒன்றரை அடிதான் வரும். உங்கள் படத்தின் அளவுக்குக் கடைக்காரர் ரம்பம் போடவே வேண்டியிருந்திருக்காது, சும்மா ஓரத்தைச் சீவியிருப்பார்.

காலி டீப்பெட்டி இந்த மலையில் என்னவெல்லாம் ஆகியிருக்கிறது தெரியுமா? கோழிக்கூடு, புத்தக அலமாரி, லைன் வீட்டில் தடுப்பு, பிள்ளைகளுக்குத் தொட்டில்கூட. படத்துக்கு முதுகானது எனக்கே புதுசு.

சட்டக்கடை_மகன்:
புதுசே இல்லை அண்ணே. அப்பா கடையில் மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருப்பார். கெட்டியான பலகை, விலை குறைவு, மலையேற்றிக் கொண்டுவரும் செலவில்லை. அந்தப் போட்டோவைப் பார்த்ததும் சொல்லலாம் என்று வந்தேன், முந்திவிட்டீர்கள்.

டீமேக்கர்:
ஒன்று சொல்ல மறந்தேன். 'கேஜி' என்று இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்தவர்கள் எல்லாக் கணக்கையும் ராத்தலில்தான் (பவுண்டு) பேசுவார்கள். இந்தியாவில் மெட்ரிக் எடைக்கு 1958-ல் மாறத் தொடங்கி 1962-க்குள் முடித்தார்கள். அப்படியானால் இந்தப் பெட்டி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

எழும்பூர்_ஓய்வு:
அருமை. முப்பது வருஷத்தில் எனக்கு டீப்பெட்டி ஸ்டென்சில் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்ததில்லை.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பலகை 1958-க்குப் பிந்தியது என்பதால் படமும் பிந்தியது என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். முதுகு ஒரே நாளில் உண்டாவதில்லை. கேன்வாஸ் ஒரு காலம், அதை இழுத்துக் கட்டிய உள்சட்டம் இன்னொரு காலம், வெளிச்சட்டம் வேறு படத்திலிருந்து வந்திருக்கலாம், பலகை எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொன்றும் தன் வயதை மட்டுமே சொல்லும்.

இன்னொன்று. துரை குடும்பம் கிளம்பியது 1960-களில் என்றீர்கள். லண்டன் போக நினைத்த குடும்பம் புறப்படும் நேரத்தில் குன்னூர் பஜாரில் டீப்பெட்டிப் பலகை போட்டிருக்க வாய்ப்பு குறைவு. என் ஊகம்: இந்தப் பலகையைப் போட்டவர் உங்கள் தாத்தா. கிடைத்த படத்தைத் தன் செலவில் கடைக்குக் கொண்டுபோய், மழை படாமல் இருக்க முதுகு போட்டிருக்கிறார். அப்படியானால் பங்களாவின் சரித்திரம் பலகையில் இல்லை. பலகைக்கு அடியில் இருக்கிறது.

சும்மா_சொல்றேன்:
சரி சரி, ஒத்துக்கொள்கிறேன், டீப்பெட்டி விஷயம் சுவாரஸ்யம். ஆனால் சார், முதுகு இவ்வளவு பேசும் என்றால், முதுகைப் பொய் பேச வைப்பதும் சுலபம்தானே? என் சித்தப்பா பழைய சாமான் வியாபாரி. புதுத் தஞ்சாவூர்ப் படத்தின் பின்பலகையில் டீ டிகாக்‌ஷன் பூசி, புகையில் காட்டி, "நூறு வருஷப் பழசு" என்று விற்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதுவும் பி.ஓ.பி.தானோ என்னவோ.

எழும்பூர்_ஓய்வு:
நல்ல கேள்வி. கேட்டதற்கு நன்றி.

ஜெர்மனியில் பெல்ட்ராக்கி என்று ஒருவர். 20-ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் பாணியில் புதுப்படம் தீட்டி விற்றார். முன்பக்கத்தில் நிபுணர்களை ஏமாற்றினார். பின்பக்கத்தில் பிளெக்ட்ஹைம் என்ற பழைய கலை வியாபாரியின் சேகரிப்பில் இருந்ததாகச் சீட்டு அடித்து ஒட்டினார். அந்தச் சீட்டைப் பார்த்த கலை வரலாற்றாளர் ஒருவருக்கு, அந்த வியாபாரி இப்படிப்பட்ட சீட்டைப் பயன்படுத்தியிருக்கவே மாட்டார் என்று பட்டது. இன்னொரு பக்கம், 1914-ல் வரைந்ததாகச் சொன்ன ஒரு படத்தில் அந்த வருஷத்தில் புழக்கத்தில் இல்லாத டைட்டானியம் வெள்ளை கிடைத்தது. 2011-ல் தண்டனை. அதற்கு முந்திய தலைமுறையில் டச்சுக்காரர் வான் மீகெரன் ஒரு படி மேலே போனார். உண்மையான 17-ஆம் நூற்றாண்டுக் கேன்வாஸை வாங்கி, அதிலிருந்த படத்தைச் சுரண்டிவிட்டு, மேலே புது வெர்மீர் தீட்டினார். முதுகு அசல், முகம் போலி. 1937-ல் ராட்டர்டாம் அருங்காட்சியகமே அவரிடம் ஏமாந்தது.

தஞ்சாவூர்ப் படத்துக்குச் சித்தப்பா வித்தை தெரிந்த ஒன்றுதான். பழையது பலாப்பலகை. அதன் மேல் துணி, அதன் மேல் மக்கு என்ற சுண்ணப்பொடிப் பசைப் பூச்சு, ரேக்கு என்ற தங்கத் தாள். பலகையின் நரம்பும் விரிசலும் ஓர் ஒழுங்கில் ஓடும். பிளைவுட்டுக்கு டிகாக்‌ஷன் பூசினால் ஓரத்தில் அடுக்கு தெரியும். ஓரத்தைப் பாருங்கள், எப்போதும் ஓரத்தைப் பாருங்கள்.

வரலாற்றுக்கு வெளியே, வெறும் அழகுக்காகவும் சிலர் முதுகைத் தீட்டியிருக்கிறார்கள். லியொனார்டோவின் ஜினெவ்ரா என்ற பெண்ணின் படத்தைத் திருப்பினால், ஜூனிப்பர் கிளை ஒன்றை லாரலும் பனையோலையும் வளைத்துப் பிடித்திருக்கும். ஜூனிப்பருக்கு இத்தாலிய மொழியில் 'ஜினெப்ரோ', ஆகவே அந்தப் பெண்ணின் பெயர் மீது அது ஒரு சிலேடை. வாஷிங்டனில் இரண்டு பக்கமும் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். கோபன்ஹேகனில் 1670 வாக்கில் கைஸ்பிரெக்ட்ஸ் வரைந்த ஒரு படம் இருக்கிறது. முன்பக்கத்திலேயே ஒரு படத்தின் பின்பக்கத்தை வரைந்துவிட்டார்! சட்டம், ஆணி, நூல், ஓர் எண் எழுதிய சின்னச் சீட்டு, எல்லாம் அச்சு அசலாக. யாரோ சுவரில் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்று கை நீட்டிப் பார்க்கத் தோன்றும். 'படம் என்றால் முன்பக்கம்' என்று நீங்கள் சொன்னதற்கு 350 வருஷத்துக்கு முன்பே அவர் பதில் சொல்லிவிட்டார்.

அரவேணு_வாத்தியார்:
குறுக்கிடுகிறேன். முன்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு தட்டாக விழும் அருவி, வலப்பக்கம் செங்குத்துப் பாறை, நடுவில் ஆழமான பள்ளம். இது கேத்தரின் அருவி. எங்கள் அரவேணுப் பக்கத்துத் தண்ணீர். ஆனால் வரைந்தது எங்கள் பக்கத்திலிருந்து இல்லை. குன்னூர்ப் பக்கம் டால்பின் நோஸ் என்ற பாறை முனையில் நின்றால்தான் அருவி இப்படி முழு நீளத்துக்கும் தெரியும். ஆகவே வரைந்தவர் குன்னூர்க்காரர், வரைந்தது கோத்தகிரி. சண்டை வேண்டாம், பாதிப் படம் எங்களுக்கு.

வண்டிச்சோலை:
ஐயோ, இத்தனை வருஷமாக அம்மா லாஸ் அருவி என்று சொல்லி வந்திருக்கிறார். இன்றைக்கு ஒருநாள் இதைச் சொல்லாமல் இருக்கிறேன்.

பலகையைத் திறப்பது பற்றி யோசிக்கிறேன். பயமாகவும் இருக்கிறது. அடியில் ஏதாவது இருக்குமா? சும்மா திறந்து கெடுத்துவிட்டால்?

எழும்பூர்_ஓய்வு:
இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஸ்காட்லாந்தில் வான்கோ வரைந்த ஒரு குடியானவப் பெண்ணின் முகம் இருக்கிறது, 1885-ல் வரைந்தது. 2022-ல் ஒரு கண்காட்சிக்காக எக்ஸ்ரே எடுத்தபோது, கேன்வாஸின் பின்பக்கத்தில் இன்னொரு முகம் தெரிந்தது. தாடி, கழுத்தில் துணி, தொப்பி. அநேகமாக வான்கோவேதான். புதுக் கேன்வாஸ் வாங்கக் காசில்லாமல் திருப்பிப் போட்டு வரைந்திருக்கிறார். பிற்காலத்தில் யாரோ பசை தடவி அட்டை ஒட்டிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அது அட்டைக்குள்ளே இருந்தது. அருங்காட்சியகத்தார் அவசரப்பட்டுப் பேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு, எப்படி எடுப்பது என்று யோசித்தார்கள்.

உங்களுடையது ஒட்டியதில்லை, ஆணி அடித்தது. பேர்க்காமல் ஆணியைக் கழற்றினால் திரும்ப அப்படியே பூட்டலாம். தெரிந்த கை வேண்டும்.

சட்டக்கடை_மகன்:
அக்கா, ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. நான் வருகிறேன். காசு வேண்டாம், காபி போதும். எரித்த பலகைகளுக்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிச்சோலை:
ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. எல்லோரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதுகிறேன்.

தம்பி காலையிலேயே கோத்தகிரி பஸ்ஸில் வந்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் கம்பளி விரித்து, அதன் மேல் பழைய பட்டுத்துணி போட்டு, படத்தைக் கவிழ்த்தோம். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷால் பூஞ்சணத்தை வெளிப்பக்கமாகத் தள்ளினார். சீட்டின் மேல் பிரஷ் படவே விடவில்லை. அப்புறம் ஆணி. பதினெட்டு ஆணி. ஒவ்வொன்றையும் மெல்ல அசைத்து எடுத்து, எந்த ஆணி எந்த இடம் என்று ஒரு தாளில் படம் போட்டு அதிலேயே குத்தி வைத்தார். அம்மா இரண்டு தடவை வந்து, "ஆப்பரேஷன் முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

பலகையைத் தூக்கியதும் முதலில் பெரிய ஏமாற்றம். உள்ளே தூசி, இரண்டு செத்த பூச்சி, ஒரு காய்ந்த யூகலிப்டஸ் இலை. அந்த இலை எப்படி உள்ளே போனது என்று யாருக்குமே புரியவில்லை.

கேன்வாஸின் பின்பக்கம் பழுப்பேறி இருந்தது. நடுவில் மங்கலாக ஒரு முத்திரை: 'வின்சர் அண்ட் நியூட்டன்', கீழே 'லண்டன்'. மற்றது படிக்க முடியவில்லை. கேன்வாஸை ஓரத்தில் பிடித்திருப்பது சின்ன ஆணிகள், ஸ்டேப்பிள் இல்லை. நான்கு மூலையிலும் குட்டி மர ஆப்பு.

அப்புறம் தம்பி டார்ச்சைச் சாய்த்தார். உள்சட்டத்தின் மேல்கட்டையில் பென்சில் எழுத்து. தமிழில்! அப்படியே தருகிறேன்:

9. சின்ன ரூம், தலைமாட்டுச் சுவர். வேண்டாம்.

'தலைமாட்டு' என்பதில் 'லை' பழைய மாதிரி, யானைத் துதிக்கை போட்ட லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பீரோவிலிருந்து தாத்தாவின் பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். "மாட்டுக்கு" என்று எழுதிய இடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே 'ட்டு'. தாத்தா கையெழுத்துதான்.

எழும்பூர்_ஓய்வு:
வாழ்த்துகள். கேன்வாஸ் முத்திரை பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வின்சரும் நியூட்டனும் லண்டனில் 1832-ல் கடை தொடங்கியவர்கள். முகவரி மாற மாற முத்திரையும் மாறும், அரச குடும்பத்துக்குச் சப்ளை செய்ததாக எழுதும் வாசகமும் மாறும். அந்த வரி தெரிந்திருந்தால் காலத்தை நெருக்கியிருக்கலாம். அதிலும் ஒரு பொறி உண்டு, 'மகாராணி' என்று இருந்தால் விக்டோரியா காலம், 1901-க்கு முன்பு, அல்லது எலிசபெத் காலம், 1952-க்குப் பின்பு! எப்படியும், கேன்வாஸ் செய்த காலம் தெரிந்தாலும் அது அலமாரியில் எத்தனை வருஷம் சும்மா கிடந்தது என்று முத்திரை சொல்லாது.

பழைய லை பற்றி: 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் அச்சில் அது போனது. கையெழுத்தில் பெரியவர்கள் கடைசிவரை அப்படியே எழுதினார்கள். ஆகவே காலத்துக்கு அதை நம்ப முடியாது. ஆளுக்கு நம்பலாம், நோட்டு இருக்கிறதே.

'9' என்பது வீட்டைக் காலி செய்யும்போது போட்ட பட்டியல் எண் என்று தோன்றுகிறது. எது எந்த அறை, எது பெட்டியில் போக வேண்டும், எது வேண்டாம்.

சும்மா_சொல்றேன்:
கசப்பாகத்தான் இருக்கும், மன்னிக்கவும். அப்படியானால் ஹாலும் இல்லை, கணப்பும் இல்லை. சின்ன ரூமில் தொங்கிய படம். துரை "வேண்டாம்" என்று ஒதுக்கியது. துரைசானி தன் கையால் கொடுத்தது என்பது...

அரவேணு_வாத்தியார்:
அப்படி முடிவு கட்ட வேண்டியதில்லை. பட்டியல் எழுதியவர் தாத்தா. "இதைக் கட்ட வேண்டாம், இது உனக்கு" என்று முன்பே சொல்லியிருந்தாலும் அவர் அதே 'வேண்டாம்' தான் எழுதியிருப்பார். ஒரு சொல்லை வைத்து ஒரு ஆளின் பெருந்தன்மையை அளக்க முடியுமா?

டீமேக்கர்:
நான் இரண்டு மூன்று பங்களா காலியானதைப் பார்த்தவன். வேண்டாம் என்று ஒதுக்கியது வராந்தாவில் குவிந்து கிடக்கும். நாற்காலி, பீங்கான், நாய்ச் சங்கிலி. வேலையாட்களுக்கு என்ன வேண்டுமோ எடுத்துக்கொள் என்பார்கள். பெரும்பாலும் கம்பளியும் பாத்திரமும் எடுப்பார்கள். குடும்பத்துக்கு அதுதான் உதவும். அந்தக் குவியலில் இருந்து ஒருவர் படத்தை எடுத்தாரென்றால், அதற்குக் கைக்காசு போட்டு டீப்பெட்டிப் பலகையும் அடித்தாரென்றால், அவருக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தோன்றுகிறது.

வண்டிச்சோலை:
அம்மாவுக்கு எல்லோரும் எழுதியதைப் படித்துக் காட்டினேன். சும்மா_சொல்றேன் எழுதியதையும்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஹால்னு அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, அது நானா சேர்த்துக்கிட்டதா இருக்கும்" என்றார். அடுப்படிக்குப் போய்விட்டார்.

பலகையைத் தம்பி அதே பதினெட்டு ஆணியில் அதே இடத்தில் பூட்டிவிட்டார். சீட்டு உதிராமல் இருக்க அதன் மேல் ஒரு பாலியெஸ்டர் தாளை ஓரத்தில் மட்டும் பிடிக்க வைத்திருக்கிறார், செல்லோடேப் போடவே கூடாதாம். பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினார், சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போக. உள்சட்டத்து எழுத்தின் போட்டோவை அச்சடித்து, தாத்தா பெயரும் ஊரும் எழுதி, ஓர் உறையில் பலகையோடு கட்டி வைத்தோம்.

மாட்டும்போது அம்மா கூடம் வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் வீட்டில் அவர் படுப்பது சின்ன ரூம். தலைமாட்டுச் சுவரில் ஆணி அடிக்கச் சொன்னார். அடித்தாகிவிட்டது.

சட்டக்கடை_மகன்:
நான் சொல்ல மறந்தது: அம்மா போட்ட காபிக்கு இன்னொரு பிரேம் இலவசம்.

சும்மா_சொல்றேன்:
நேற்று ராத்திரி ஒரு வேலை செய்தேன், சிரிக்கக் கூடாது. பூஜை அறையில் பழனி முருகன் படம் இருக்கிறது, ஆயா காலத்தது. திருப்பிப் பார்த்தேன். பின்னட்டையாக ஒரு கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிய மூலை கூட அப்படியே இருக்கிறது. மணமகன் பெயர் பிரேமுக்குள்ளே போய்விட்டது, மணமகள் பெயர் மட்டும் தெரிகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரில் யாருமே இல்லை. அம்மா பெரியம்மாவுக்குப் போன் போட்டு ஒன்றரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார், இன்னும் வைக்கவில்லை.

விலைக்குப் போகாது என்று இப்போதும் சொல்கிறேன். எழும்பூர் சார், ஒரே ஒரு சந்தேகம். பத்திரிகையின் ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை ஓடு ஒட்டியிருக்கிறது. அதையும் பாதுகாக்க வேண்டுமா?

எழும்பூர்_ஓய்வு:
எடுத்துவிடலாம். எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ.